தியேட்டர் இடம் பூங்கா ஆகுமா?

கேள்வி: எங்கள் வார்டில் ஒரு பூங்காகூட இல்லை. பேருந்து நிலையத்தை ஒட்டி, மூடிக்கிடக்கும் தியேட்டரும் அதன் பின்னால் உள்ள காலியிடமுமாக 2 ஏக்கர் 80 சென்ட் இருக்கிறது. ஒரே குடும்பத்துச் சொத்து. அந்த இடத்தின் சாலை மூலையில் முன்பு பெட்ரோல் பங்க் இருந்தது. இப்போது அங்கே வணிக வளாகம் வரப்போகிறது என்று பேச்சு. ஊரின் எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் புது மாஸ்டர் பிளான் தயாராகிறது. "அதில் இந்த இடத்தைப் பூங்கா என்று போட வைத்துவிட்டால் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது" என்கிறார் கவுன்சிலர். மனு எழுதிக் கையெழுத்து வாங்க ஆரம்பித்துவிட்டோம். வழி சரிதானா?
— குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர், திருப்பூர் மாவட்டம்

பதில்: கையெழுத்து வாங்குவதை நிறுத்த வேண்டாம். மனுவில் கேட்டிருப்பதை மட்டும் மாற்றுங்கள். "முழு இடத்தையும் பூங்கா என்று வகைப்படுத்துக" என்று கேட்டால், மூன்று வருடம் கழித்து உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. உரிமையாளர் கையில் மட்டும் நீதிமன்ற உத்தரவு ஒன்று இருக்கும்.

கவுன்சிலர் சொன்னதில் பாதி உண்மை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன் 47ஆம் பிரிவுப்படி, அமலில் உள்ள திட்டத்துக்கு மாறாக நிலத்தைப் பயன்படுத்தவோ கட்டவோ கூடாது. அதனால் மாஸ்டர் பிளானில் பூங்கா என்று ஒதுக்கிய இடத்தில் மால் கட்ட அனுமதி கிடைக்காது. ஆனால் அந்த ஒதுக்கீடு நிலத்தை நகராட்சிக்குத் தந்துவிடுவதில்லை. பட்டா, பத்திரம், வேலி எல்லாம் பழைய உரிமையாளரிடமே இருக்கும். அவர் கேட்டைப் பூட்டிவிட்டால் நீங்கள் வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்குப் பகுதி என்ற வகைப்பாட்டுக்குள் கட்டணக் கேளிக்கைப் பூங்காவும் கண்காட்சித் திடலும்கூட வரும் என்பதையும் மனதில் வையுங்கள். உங்கள் மனுவை வைத்தே அவர் டிக்கெட் போட்டு ராட்டினம் சுற்றலாம்.

கவுன்சிலர் சொல்லாமல் விட்டது அதே சட்டத்தின் 38ஆம் பிரிவை. ஒரு நிலத்தைப் பொதுத் தேவைக்கென்று திட்டத்தில் ஒதுக்கினால், 26 அல்லது 27ஆம் பிரிவின்கீழ் அரசிதழில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் அதைக் கையகப்படுத்தும் பிரகடனம் வெளியாக வேண்டும். இல்லையென்றால் உரிமையாளருடன் பேசி வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் தானாக விடுபட்டதாகக் கருதப்படும். இந்தப் பிரிவைக் காட்டிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் உரிமையாளர்கள் வாங்கிய உத்தரவுகள் ஏராளம்.

பலரும் ஏமாறும் இடம், அந்த மூன்று வருடம் எங்கே தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. திட்டம் அமலுக்கு வந்த நாளிலிருந்து அல்ல. வரைவுத் திட்டத்தைத் தயாரித்துவிட்டோம், ஆட்சேபனை சொல்லுங்கள் என்று அறிவிக்கிறார்களே, அந்த நாளிலிருந்து. ஆட்சேபனைக்குக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். பிறகு விசாரணை, திருத்தம், அரசின் ஒப்புதல். மாஸ்டர் பிளான் அமலுக்கு வருவதற்குள் கெடுவில் கணிசமான பகுதி கரைந்துவிடும். மிச்சமுள்ள காலத்தில் 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் படிகளை ஏற வேண்டும். சமூகத் தாக்க மதிப்பீட்டுக்கு ஆறு மாதம் வரை ஆகலாம். அதை நிபுணர் குழு பார்க்க வேண்டும், முதல்நிலை அறிவிக்கை வர வேண்டும், ஆட்சேபனைக்கு 60 நாள் விட வேண்டும், அதற்குப் பிறகுதான் பிரகடனம். முதல்நிலை அறிவிக்கைக்கும் பிரகடனத்துக்கும் நடுவே மட்டும் 12 மாதம் வரை சட்டமே இடம் தருகிறது. கோப்பு எந்த மேசையிலும் தூங்காமல் போனால்கூட மூன்று வருடம் இறுக்கமான கணக்கு.

பணம் கொடுக்காமல் வரைபடத்தைக் காட்டியே இடத்தை எடுத்துக்கொள்ளப் பார்த்தவர்களுக்கு நீதிமன்றங்கள் என்ன சொல்லின என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். புனேயில் தனியார் மனையைத் தோட்டம் என்று வளர்ச்சித் திட்டத்தில் காட்டிய வழக்கில், தனியார் நிலத்தைத் திட்டத்தில் சேர்க்கலாம், ஆனால் கையகப்படுத்தாமல் அந்தத் திட்டத்தை அங்கே நிறைவேற்ற முடியாது என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கு. அங்கேயும் பூங்காதான். பூங்காவுக்கு நிலத்தை அடையாளம் காண அதிகாரம் தரும் ஒரு பிரிவை வைத்துக்கொண்டு, நிலத்தை எடுத்துக்கொள்ளவே அதிகாரம் இருப்பதாக மாநகராட்சி வாதிட்டது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. முன்னறிவிப்பு, கேட்கப்படும் உரிமை, காரணம் சொல்லும் முடிவு, பொது நோக்கம், நியாயமான இழப்பீடு, காலம் தாழ்த்தாத நடைமுறை, நடவடிக்கையை முடித்து நிலத்தை முறையாக எடுத்துக்கொள்வது என்று சொத்துரிமைக்குள் ஏழு அம்சங்களை எண்ணிச் சொல்லி, மாநகராட்சி 5 லட்சம் ரூபாய் செலவுத்தொகை கட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல இது. நியூயார்க் நகரம் 1972இல் டியூடர் சிட்டி குடியிருப்பின் இரண்டு தனியார் தோட்டங்களைப் பொதுப் பூங்கா என்று வகை மாற்றியது. கட்டும் உரிமையை வேறு இடத்துக்கு எடுத்துச் செல்லலாம் என்று சமாதானமும் சொன்னது. 1976இல் அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

சரி, சட்டப்படி முழு இடத்தையும் கையகப்படுத்தலாமே என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 ஏக்கர் 80 சென்ட் என்பது 1,21,968 சதுர அடி. உங்கள் சாலையின் விலையை நீங்கள் எழுதவில்லை. உதாரணத்துக்குச் சதுர அடி 3,000 ரூபாய் என்று வைப்போம். சந்தை மதிப்பு 36.59 கோடி. நிலத்தைக் கட்டாயமாக எடுப்பதற்காகச் சட்டம் கூடுதலாகத் தரச் சொல்லும் 100 சதவீத ஆறுதல் தொகையைச் சேர்த்தால் 73.18 கோடி. சந்தை மதிப்பின் மேல் வருடத்துக்கு 12 சதவீதம், அதாவது ஒரு வருடத்துக்கு 4.39 கோடி தனி. கட்டடம், மரம், கிணறு எல்லாம் இதற்கு மேல். வழிகாட்டி மதிப்பு குறைவாக இருக்கிறதே என்று தைரியம் கொள்ள வேண்டாம். கடந்த மூன்று வருடத்தில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயப் பத்திரங்களில் விலை அதிகமான பாதியை எடுத்துச் சராசரி பார்த்து, இரண்டில் எது கூடுதலோ அதைத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து வணிக மனை என்றால் அந்தச் சராசரி எங்கே நிற்கும் என்று உங்கள் ஊர்ப் பத்திர எழுத்தரைக் கேட்டால் சொல்வார். இந்தத் தொகையை ஒரு பூங்காவுக்காக எடுத்து வைக்க எந்த நகராட்சியும் முன்வராது. நிதி இல்லாமல் போட்ட ஒதுக்கீடு, 38ஆம் பிரிவுக்குப் போட்ட தாம்பூலம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? மால் வருகிறது என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். பூங்காவுக்கான கதவு திறப்பதே அந்த மாலால்தான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனையில் கட்ட வருகிறவர், சாலைகள் நீங்கலாக 10 சதவீத இடத்தைத் திறந்தவெளியாக விட்டு, அதை இலவசமாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் இடத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டித் தப்பிக்க வழி உண்டு. 10,000த்தைத் தாண்டினால் அந்த வழியும் இல்லை. உங்கள் தியேட்டர் இடம் சுமார் 11,331 சதுர மீட்டர். மயிரிழையில் தாண்டி நிற்கிறது. பத்து சதவீதம் என்றால் 1,133 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 28 சென்ட், ஒரு பைசா செலவில்லாமல்.

அந்த மயிரிழைதான் உங்கள் கவலையாக இருக்க வேண்டும். 35 சென்ட்டைப் பிரித்து மைத்துனர் பெயரில் எழுதிவிட்டால் மிச்சம் 10,000 சதுர மீட்டருக்குக் கீழே இறங்கிவிடும். இடம் பணமாக மாறிவிடும். நான்கு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் 3,000க்குள் வைத்தால் அதுவும் கிடையாது. ஆகவே முதல் வேலையாக இன்றைய நிலையைக் காகிதத்தில் பிடித்து வையுங்கள்: நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், புலப்பட வரைபடம், 30 வருட வில்லங்கச் சான்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பாகப்பிரிவினையோ செட்டில்மெண்ட்டோ பதிவாகியிருந்தால், மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் உள்ளூர் திட்டக் குழுமத்துக்கும் பழைய, புதிய சான்று இரண்டையும் இணைத்து, கட்டட விண்ணப்பம் வரும்போது மூல மனையின் முழுப் பரப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். அனுமதி கொடுத்த பிறகு எழுதும் புகார் வேறு, அதற்கு முன்பே கோப்பில் கிடக்கும் கடிதம் வேறு.

அனுமதி ஏற்கெனவே கொடுத்துவிட்டார்களா என்பதையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். அதே மனுவில் இன்னொரு கேள்வியையும் சேர்க்கவும்: இதுவரை நம் நகராட்சி எல்லைக்குள் கட்டட விண்ணப்பதாரர்கள் திறந்தவெளிக்குப் பதிலாகக் கட்டிய பணம் எவ்வளவு, எந்தக் கணக்கில் இருக்கிறது, அதிலிருந்து என்ன செலவானது? தானமாக வந்த திறந்தவெளி இடங்களின் பட்டியலையும் கேளுங்கள். உங்கள் வார்டிலேயே பத்திரத்தில் பூங்காவாகவும் தரையில் கார் நிறுத்தமாகவும் ஏதாவது இடம் அகப்பட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

28 சென்ட் கிடைத்தால் போதுமா? வடிவத்தைப் பொறுத்தது. குறைந்தபட்ச அகலம் 10 மீட்டர் என்பதுதான் விதி. கெட்டிக்கார வரைபடக்காரர் 10 மீட்டர் அகலத்தில் 113 மீட்டர் நீளத்துக்கு, மதிலோரமாக ஒரு ரிப்பன் வெட்டிக் கொடுப்பார். விதிக்கு உட்பட்டது, பூங்காவுக்கு உதவாது. பிறகு மாலின் லாரிகள் அதன் வழியே சரக்கு இறக்கும். நீங்கள் கேட்க வேண்டியது 30க்கு 38 மீட்டர் போல ஏறக்குறையச் சதுரமான இடம், நீளமான ஒரு பக்கம் பொதுச் சாலையைத் தொட்டபடி. மாலின் கேட் வழியாக நுழையும்படி அமைந்தால் இரவு ஒன்பது மணிக்கு வாட்ச்மேன் பூட்டிவிடுவார், ஆறு மாதத்தில் அது மாலின் புல்வெளி ஆகிவிடும். நிலத்தடித் தொட்டி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, டிரான்ஸ்ஃபார்மர், தீயணைப்பு வண்டி ஓடும் பாதை எதுவும் அந்தச் சதுரத்துக்குள் வரக்கூடாது. மேலே உயர் அழுத்த மின்கம்பி போகிறதா என்று நிமிர்ந்தும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மத்திய அரசின் 2014 நகர்ப்புறத் திட்ட வழிகாட்டி, 5,000 பேருக்கு அரை ஹெக்டேர் பூங்கா என்கிறது. அதாவது சுமார் 1 ஏக்கர் 24 சென்ட். 28 சென்ட்டோடு, ஒட்டியபடி இன்னும் 40 சென்ட்டை விலைக்கு வாங்க முடிந்தால் 68 சென்ட் ஆகும். அந்த அளவுகோலில் பாதிக்குச் சற்று மேல். கனவில் கண்ட 2 ஏக்கர் 80 சென்ட்டோடு ஒப்பிட்டால் சின்னது. பூட்டிய கேட்டோடு ஒப்பிட்டால் ரொம்பப் பெரியது. நான் சிபாரிசு செய்வது இதைத்தான். மேலே போட்ட உதாரண விலையில் 40 சென்ட் 5.23 கோடி. இதற்கு ஆட்சியர் தலைமையில் தனியார் பேச்சுவார்த்தை மூலம் வாங்கும் நடைமுறை இருக்கிறது. பேச்சில் உரிமையாளருக்கும் காரணம் இருக்கும். தியேட்டரின் பின்பக்கத்து மனைக்கு முன்பக்க விலை கிடைக்காது, பூங்காவைப் பார்த்த கடைகளுக்கு வாடகை கூடும், உங்கள் சங்கத்தின் ஆட்சேபனை இல்லாமல் கட்டடக் கோப்பும் நகரும். பணத்துக்குப் பதில் மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை, அதாவது வேறு இடத்தில் கூடுதலாகக் கட்டவோ பிறருக்கு விற்கவோ உதவும் சான்றிதழ், தரலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். பூங்காவுக்குக் கொடுக்கும் நிலத்துக்கு உங்கள் திட்டப் பகுதியில் அது பொருந்துமா என்று எழுத்தில் பதில் வாங்காமல் அதை நம்பிப் பேச்சைத் தொடங்காதீர்கள். சின்ன ஊரில் அந்தச் சான்றிதழை வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். உரிமையாளரும் அதை நன்றாகவே அறிவார்.

பணத்துக்கு, மேலே சொன்ன திறந்தவெளிக் கட்டணத் தொகையை முதலில் பிடியுங்கள். நிலம் வாங்குவதற்கு வேறெதையும்விட அதுதான் பொருத்தமான பணம். நமக்கு நாமே திட்டம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்றவை நடைபாதை, விளக்கு, விளையாட்டுச் சாமான் போடத் துணை நிற்கும். அவற்றை நம்பி நிலவிலை பேசாதீர்கள். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு கேட்பார்கள் என்பதால், சங்கம் இப்போதே உண்டியலைத் தொடங்கலாம்.

மூலையில் இருந்த பெட்ரோல் பங்க் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. தானம் கொடுக்கிறவர் தனக்கு உதவாத மூலையைக் கொடுப்பார். உதவாத மூலை எது என்றால் நிலத்தடித் தொட்டி புதைந்து கிடக்கும் மூலை. தொட்டிகளைத் தோண்டி எடுத்தார்களா, மணல் நிரப்பி அப்படியே விட்டார்களா என்று கேளுங்கள். பல வருடம் கசிந்திருந்தால் மண்ணில் பென்சீன் போன்றவை நிற்கும், நிலத்தடி நீரிலும் இறங்கியிருக்கும். தொட்டிக் குழியின் அடியிலிருந்தும் குழாய் போன தடத்திலிருந்தும் மண் மாதிரி, பக்கத்து ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் மாதிரி எடுத்து ஆய்வகச் சான்று வாங்கிய பிறகே பத்திரத்தில் நகராட்சி கையெழுத்திட வேண்டும். இலவசமாக வந்த இடத்தின் மண்ணை மாற்றும் செலவு நிலவிலையைத் தொடலாம். தியேட்டர் கூரை கல்நார் ஷீட்டாக இருந்தால், இடிக்கும் செலவும் அதை உடைக்காமல் நனைத்து இறக்கி அப்புறப்படுத்தும் பொறுப்பும் உரிமையாளருடையது என்று எழுதிக்கொள்ளுங்கள். உடைத்து அங்கேயே பள்ளத்தில் நிரப்பிவிட்டால், குழந்தைகள் விளையாடப் போவது அந்தத் தூசியின் மேல்தான்.

இனி மனு. மாஸ்டர் பிளான் வரைவு வெளியாகி ஆட்சேபனைக் காலம் ஓடும்போது கொடுப்பதற்கு ஒன்று, நகர்மன்றத்துக்கு ஒன்று என இரண்டாகப் பிரியுங்கள். முதலாவதில் சர்வே எண், பரப்பு, வார்டு மக்கள்தொகை, மிக அருகிலுள்ள பூங்காவின் தூரம் ஆகியவற்றைக் கொடுத்து, இந்த மனையில் எந்த வளர்ச்சிக்கு அனுமதி தந்தாலும் சாலையைத் தொட்ட ஒரே துண்டாகத் திறந்தவெளி விடப்பட வேண்டும் என்று கேளுங்கள். முழு இடத்தையும் பூங்காவாக்க வேண்டும் என்ற வரியை எடுத்துவிடுங்கள். இரண்டாவது, வார்டு மக்கள் கூடும் பகுதி சபையில் பேசி நகர்மன்றத் தீர்மானமாக வர வேண்டியது. "பூங்கா அமைக்க ஆவன செய்யப்படும்" என்று முடிகிற தீர்மானத்தால் பயனில்லை. சர்வே எண், வாங்க உத்தேசிக்கும் 40 சென்ட், எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து எவ்வளவு, ஆட்சியருக்கு முன்மொழிவு அனுப்ப ஆணையருக்கு எத்தனை நாள் கெடு என்று நான்கும் அதில் இருக்க வேண்டும்.

தானப் பத்திரம் பதிவானதும் வேலை முடிந்தது என்று சங்கம் கலைந்துவிடுவதால்தான் பாதி இடங்கள் கைவிட்டுப் போகின்றன. பத்திரம் நகராட்சி பெயரில் இருக்கும், நில அளவைப் பதிவேட்டில் பழைய பெயரே இருக்கும். பத்து வருடம் கழித்து வாரிசுகள் அந்தப் பதிவேட்டைக் காட்டி விற்பார்கள். உட்பிரிவு செய்து, நகராட்சி பெயரில், பூங்கா என்ற வகைப்பாட்டோடு பதிவேடு திருந்தியதா என்று நகல் வாங்கிப் பாருங்கள். அதன் பிறகு, அந்த 68 சென்ட்டை மட்டும் மாஸ்டர் பிளானில் திறந்தவெளி என்று வகை மாற்றக் கேளுங்கள். நீங்கள் முதலில் செய்ய நினைத்ததைக் கடைசியில் செய்கிறீர்கள். நிலம் பொதுச் சொத்தான பிறகு அதே வகைப்பாடு இரும்பு வேலி. பெங்களூரில் பூங்காவுக்கென விட்ட மனையைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியதை 1991இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, அது பூங்காவுக்கென்று விட்ட இடம் என்பதால்தான்.

வரைவு அறிவிப்பு எந்த நாளிலும் வரலாம். வந்த பிறகு கையெழுத்துத் தாளை மாற்றி மறுபடி வீடு வீடாகப் போக நேரம் இருக்காது; வாங்கிய கையெழுத்துகளுக்கு மேல் புது வாசகத்தை ஒட்டினால் உரிமையாளரின் வழக்கறிஞர் விசாரணையில் முதலில் கேட்பது அதைத்தான். இந்த வாரமே புதுத் தாளில் தொடங்குங்கள்.